அகப்பக்க முகவரியும் அன்பர்களின் நம்பிக்கையும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழ்ப்பள்ளியில் நெடுங்காலம் இலக்கணம் கற்பித்தவன் என்பதால் இலக்கியம் பற்றி ஏதாவது எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் இவ்வாண்டு கணினியைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு.

சென்ற ஆண்டு ஒரு காலை வேளையில் ஆலய அலுவலகத்தில் மணி அடித்தது. எழுத்தர் அர்ச்சனைச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். மறுமுனையில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். "தம்பி, கோயில்ல அன்னதானத்த நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார். நான் திகைத்துப் போனேன். "இல்லையேம்மா, எப்போதும் போல நடக்குதே. ஏன் கேட்குறீங்க?" என்றேன்.

அவர் கணவர் காலமான திதியில் ஆண்டுதோறும் அன்னதானத்திற்கு 100 வெள்ளி கொடுத்து வருபவர். முன்பெல்லாம் நேரில் வந்து கட்டுவார். இப்போது நடக்க முடிவதில்லை. பூசை அறையில் பத்திரமாக வைத்திருந்த 2009ஆம் ஆண்டு மலரை எடுத்து, அதில் அச்சாகியிருந்த நம் அகப்பக்க முகவரியைப் பேரனிடம் காட்டியிருக்கிறார். பேரன் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தும், "404 - பக்கம் காணப்படவில்லை" என்று பதில் வந்திருக்கிறது. அன்னதானப் பக்கமே இல்லை என்றால் அன்னதானமும் இல்லை என்று அந்த அம்மையார் முடிவு செய்துகொண்டார். அவரை எப்படிக் குறை சொல்வது? நாமே அச்சிட்டுக் கொடுத்த முகவரியல்லவா அது!

அன்று அவருக்குச் சமாதானம் சொல்லி, உபயத்தையும் பதிவு செய்துகொண்டேன். ஆனால் மனம் சமாதானம் அடையவில்லை. இன்னும் எத்தனை பேர் இப்படி முயன்று பார்த்து, தொலைபேசியில் அழைக்காமலே விட்டிருப்பார்கள் என்ற எண்ணம் உறுத்தியது. குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "சார், நீங்களே பொறுப்பெடுத்துப் பாருங்களேன்" என்று தலைவர் சொல்லிவிட்டார். என்னிடம் படித்து, இப்போது கணினித் துறையில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவரை அழைத்து, இம்முறை நான் மாணவனாக அமர்ந்தேன். அவரிடம் கற்றதையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முகவரியின் வால்

அந்தப் பழைய மலரில் இருந்த முகவரியைப் பாருங்கள். முதலில் நம் ஆலயத்தின் இணையப் பெயர். அடுத்து ஒரு சாய்கோடு. அதன்பின் ஆங்கில எழுத்தில் 'அன்னதானம்'. அதற்குப் பிறகு ஒரு புள்ளி, கடைசியில் 'எச்டிஎம்எல்' என்னும் நான்கு எழுத்துகள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் கோப்பின் பின்னொட்டு என்கிறோம். புரிவதற்கு எளிதாக 'வால்' என்று வைத்துக்கொள்வோம்.

இந்த வால் எப்படி வந்தது? சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் 1989ஆம் ஆண்டு வையவிரிவு வலைக்கான திட்டத்தை எழுதினார். 1991ஆம் ஆண்டு அது வெளியுலகுக்கு வந்தது. அக்காலத்தில் ஒரு பக்கம் என்றால் அது சர்வர் கணினியில் கிடக்கும் ஒரு கோப்பு. முகவரியில் கோப்பின் பெயரைச் சொன்னால் சர்வர் அதை எடுத்துக் கொடுக்கும். கோப்பின் வாலைப் பார்த்து, இது எழுத்துப் பக்கமா, படமா, ஒலியா என்று அறிந்து, அச்செய்தியையும் சேர்த்து அனுப்பும். ஆகவே வால் சர்வரின் வசதிக்காக ஏற்பட்டது. படிக்கிற நமக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை.

துன்பம் எங்கே வருகிறது என்றால், இந்த வால் தொழில்நுட்பத்தோடு சேர்ந்து மாறுகிறது. முதலில் கையால் எழுதிய பக்கங்களுக்கு 'எச்டிஎம்எல்'. பழைய கணினிகளில் மூன்று எழுத்துக்கு மேல் இடமில்லாததால் சிலருக்கு 'எச்டிஎம்'. பிறகு பக்கங்களை நிரல் கொண்டு உருவாக்கத் தொடங்கியபோது 'ஏஎஸ்பி', 'பிஎச்பி' என்று பல வந்தன. நம் ஆலயத்திலும் அதுவே நடந்தது. தொடக்கத்தில் சாதாரணப் பக்கங்கள் இருந்தன. பிறகு உபயப் பதிவுப் படிவம் வேண்டும் என்று பிஎச்பிக்கு மாறினோம். மாறிய அன்றே எல்லாப் பக்கங்களின் வாலும் மாறியது. மலரிலும், நாள்காட்டியிலும், ரசீதுப் புத்தகத்திலும் அச்சாகியிருந்த முகவரிகள் அனைத்தும் ஒரே நாளில் செத்துப்போயின. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

இப்படி நேரும் என்பதை அந்த டிம் பெர்னர்ஸ் லீயே முன்னரே கண்டு சொல்லியிருக்கிறார். 1998ஆம் ஆண்டு அவர் எழுதிய ஒரு கட்டுரையில், நல்ல முகவரி மாறக்கூடாது, மாறக்கூடிய எதையும் முகவரியில் வைக்காதீர்கள் என்று அறிவுறுத்தி, கோப்பின் வாலையும் அப்பட்டியலில் சேர்த்தார்.

இலக்கணத்தில் ஓர் உவமை

தமிழாசிரியன் ஆதலால் எனக்கு இது இலக்கணத்தில் உடனே விளங்கியது. 'பால் குடித்தான்' என்கிறோம். உண்மையில் அது 'பாலைக் குடித்தான்' என்பதே. 'ஐ' என்னும் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது. உருபு மறைந்ததால் பொருள் கெட்டதா? இல்லை. கேட்பவர் மனத்திலேயே அதைச் சேர்த்துக்கொண்டு பொருள் கொள்கிறார். இதை வேற்றுமைத் தொகை என்று பள்ளியில் படித்தோம்.

வாலில்லாத முகவரியும் அத்தகையதே. அன்பர் 'அன்னதானம்' என்று மட்டும் கேட்கிறார். மறைந்துள்ள 'பிஎச்பி' என்னும் உருபைச் சர்வர் தானே சேர்த்துக்கொண்டு உரிய கோப்பை எடுத்துத் தருகிறது. நாளை உருபு மாறினாலும் கேட்கும் சொல் மாறாது.

பள்ளி அலுவலகத்தையும் நினைத்துப் பாருங்கள். மகனின் தேர்ச்சி அட்டை வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். பச்சை அலமாரியில் மூன்றாவது இழுப்பறையில் உள்ள அட்டையைத் தாருங்கள் என்று யாரும் கேட்பதில்லை. எந்த அலமாரி என்பது எழுத்தருக்குத் தெரிந்தால் போதும். அலமாரி மாறினாலும் பெற்றோருக்குத் தொல்லையில்லை.

மாற்றி எழுதும் விதி

சர்வருக்கு இந்த எழுத்தரின் அறிவைக் கொடுப்பதுதான் 'ரீரைட் ரூல்' எனப்படும் மாற்றி எழுதும் விதி. நம் அகப்பக்கம் 'அப்பாச்சி' என்னும் சர்வர் மென்பொருளில் இயங்குகிறது. 1995ஆம் ஆண்டு தொடங்கிய இம்மென்பொருளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதனுள் 'மாட் ரீரைட்' என்று ஓர் உறுப்பு உண்டு. ரால்ஃப் எங்கல்ஷால் என்னும் ஜெர்மானியர் 1996ஆம் ஆண்டு அதை எழுதி, 1997ஆம் ஆண்டு அப்பாச்சிக் குழுவினருக்கு அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டார். உபயம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் செய்ததும் ஓர் உபயமே.

விதிகளை, புள்ளியில் தொடங்கும் 'எச்டிஆக்சஸ்' என்னும் சிறு கோப்பில் எழுதி, அகப்பக்கக் கோப்புகள் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். முதல் வரியில் ரீரைட் இயந்திரத்தை முடுக்கிவிடுகிறோம். அடுத்த வரிகளில் நிபந்தனைகளைச் சொல்கிறோம். என் மாணவர் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

கேட்கப்பட்ட பெயரில் கோப்பு ஏதும் இல்லை. அதே பெயரில் கோப்புறையும் இல்லை. ஆனால் அப்பெயரோடு 'பிஎச்பி' என்னும் வாலைச் சேர்த்தால் ஒரு கோப்பு இருக்கிறது. இம்மூன்றும் உண்மையானால், அந்தக் கோப்பைக் கொடு.

இந்த நிபந்தனைகள் வீணல்ல. அவை இல்லாவிட்டால், படங்களைக் கேட்கும்போதும் சர்வர் வாலைச் சேர்த்துக்கொண்டு தேடும். சுவாமி படங்கள் ஒன்றும் வராது. அடியோடு இல்லாத பக்கத்தைக் கேட்டாலும் வீணாகக் குழம்பும்.

இது உள்ளே நடக்கும் மாற்றம். அன்பரின் திரையில் 'அன்னதானம்' என்றே இருக்கும். எந்தக் கோப்பு வந்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பழைய பெயரைச் சொல்லி வருபவர்களுக்கு

இதனால் புதிய முகவரிகள் சீராயின. ஆனால் அந்த அம்மையார் வைத்திருக்கும் 2009ஆம் ஆண்டு மலரை என்ன செய்வது? அதை வாங்கித் திருத்திக் கொடுக்க முடியாதல்லவா?

பினாங்கில் 'கிரீன் லேன்' என்ற சாலைக்கு ஜாலான் மஸ்ஜிட் நெகிரி என்று பெயர் மாற்றிப் பல காலம் ஆகிவிட்டது. இன்றும் வாடகை வண்டியில் ஏறி 'கிரீன் லேன்' என்றால் ஓட்டுநர் சரியாகக் கொண்டு போய் விடுவார். பழைய பெயர் சொல்பவரை நடுத்தெருவில் இறக்கிவிடுவதில்லை. அதுபோல, வாலோடு வரும் பழைய முகவரியைக் கண்டால், "இப்பக்கம் நிரந்தரமாக இந்தப் புதிய முகவரிக்கு மாறிவிட்டது" என்று சர்வர் சொல்லி அனுப்ப வேண்டும். இதற்கு 301 என்பது எண். 404 என்றால் 'இல்லை'. 301 என்றால் 'அங்கே இருக்கிறது, போங்கள்'. கூகல் போன்ற தேடு இயந்திரங்களும் இந்த எண்ணைக் கண்டு தங்கள் ஏட்டைத் திருத்திக்கொள்கின்றன.

இந்த இரண்டாவது விதியை எழுதியபோது இரண்டு இடங்களில் தடுமாறினோம். பிற ஆலயத்தார் அதே குழியில் விழாதிருக்க அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சுழற்சி. ஒரு விதி வாலைச் சேர்க்கிறது. மற்றது வாலை நீக்கச் சொல்கிறது. எச்டிஆக்சஸ் கோப்பில் உள்ள விதி முகவரியை மாற்றியதும் அப்பாச்சி விதிகளை மறுபடியும் முதலிலிருந்து பார்க்கும். இப்போது வால் இருப்பதைக் கண்டு, வாலில்லாத முகவரிக்குப் போ என்று திருப்பி அனுப்பும். அது வந்தவுடன் மீண்டும் வாலைச் சேர்க்கும். இப்படிச் சுற்றிச் சுற்றி, திசைமாற்றம் அளவுக்கு மீறிவிட்டது என்று உலாவி கைவிட்டுவிடும். இதற்குப் பரிகாரம், இரண்டாவது விதி சர்வர் தானே மாற்றிய பெயரைப் பார்க்காமல், அன்பரின் உலாவி முதன்முதலில் அனுப்பிய கோரிக்கை வரியை மட்டும் பார்க்கும்படி எழுதுவது. அந்த வரி நடுவில் மாறுவதில்லை. அதில் வால் இருந்தால்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, படிவம். இதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. புதிய விதிகளை வைத்த அன்று பிற்பகல் வரை ஓர் உபயப் பதிவும் வந்து சேரவில்லை. ஓர் அன்பர் அழைத்து, "நிரப்பி அனுப்பினால் மறுபடியும் வெற்றுப் படிவமே வருகிறது, ஐயா" என்றார். நடந்தது இதுதான். படிவத்தின் உள்ளே அனுப்ப வேண்டிய முகவரி இன்னும் வாலோடு இருந்தது. அன்பர் பொத்தானை அழுத்தியதும் பெயர், நட்சத்திரம், உபய நாள் எல்லாம் அந்தப் பழைய முகவரிக்குச் சென்றன. சர்வர் 301 என்று திருப்பி அனுப்பியது. அப்படித் திருப்பும்போது உலாவிகள் புதிய இடத்திற்கு வெறுங்கையோடு போகின்றன. நிரப்பிய விவரங்களை வழியிலேயே விட்டுவிடுகின்றன. அர்ச்சனைத் தட்டை வாசலில் வைத்துவிட்டுச் சந்நிதிக்குப் போன கதைதான்.

உடனே திருப்பும் விதியை நிறுத்தினோம். படிவத்தினுள் இருந்த முகவரியைத் திருத்தினோம். பிறகு, பக்கத்தைப் பார்க்க வரும் கோரிக்கையை மட்டும் திருப்பு, விவரம் கொண்டுவரும் கோரிக்கையைத் தொடாதே என்று விதியில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தோம். விவரங்களையும் சுமந்து செல்லும் 308 என்னும் எண்ணும் உண்டு. எனினும் படிவத்தையே திருத்துவதுதான் முறை.

இதில் இன்னொரு பாடமும் கற்றோம். 301 என்பது நிரந்தரம் என்ற வாக்கு. உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான இடத்திற்கு அனுப்பிவிட்டால், நாம் திருத்திய பிறகும் அந்த அன்பரின் கணினி தவறான இடத்திற்கே போகக்கூடும். ஆகவே முதலில் 302 என்னும் தற்காலிக எண்ணை வைத்துச் சோதித்து, எல்லாம் சரி என்று கண்ட பின்னரே 301 என்று மாற்ற வேண்டும்.

முகவரிக்குப் பெயர் சூட்டுதல்

வால் போனதும் பெயரையும் ஒழுங்கு செய்தோம். ஆங்கிலச் சிற்றெழுத்துகளையே வைத்தோம். ஏனெனில் பல சர்வர்கள் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறாகவே கருதும். இரு சொற்களுக்கு நடுவே சிறுகோடு வைத்தோம். பதாகையில் அச்சிட்டாலும் தொலைபேசியில் சொன்னாலும் புரிய வேண்டும் என்பதே அளவுகோல். முகவரியின் இறுதியில் சாய்கோடு வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். சாய்கோடு இருந்தால் உலாவி அதை ஒரு கோப்புறை என்று கருதி, படங்களைத் தவறான இடத்தில் தேடும்.

தமிழிலேயே முகவரி வைக்கலாமே என்று தமிழாசிரியனான என்னைப் பலர் கேட்டார்கள். வைக்கலாம். 2011ஆம் ஆண்டிலிருந்து '.சிங்கப்பூர்' என்னும் தமிழ் ஈறுகூட இணையத்தில் இருக்கிறது. உலாவியிலும் தமிழ் அழகாகத் தெரியும். ஆனால் அதை நகலெடுத்துக் கடிதத்தில் ஒட்டினால் பல இடங்களில் விழுக்காட்டுக் குறிகளாக மாறிவிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது குறிகளாக விரியும். 'அன்னதானம்' என்ற சொல்லில் புள்ளியும் காலும் உட்பட ஒன்பது குறியீடுகள். அது 81 குறிகளாக நீளும். ஆகவே பக்கத்தில் தமிழும் முகவரியில் ஆங்கில எழுத்தும் என்று வைத்துக்கொண்டோம். மனத்தாங்கல்தான். ஆயினும் அன்பர் வந்து சேர்வதே முதன்மை.

பிற ஆலயத்தாருக்கு ஒரு சொல்

முதலில் பழைய மலர்கள், நாள்காட்டிகள், ரசீதுகள், பதாகைகள் அனைத்தையும் எடுத்து, அவற்றில் உள்ள முகவரிகளை ஒரு தாளில் எழுதுங்கள். கட்டக் குறியீடு போல அச்சிடும் கியூஆர் குறியீட்டிற்குள்ளும் முகவரிதான் இருக்கிறது. அச்சான பிறகு அதையும் மாற்ற முடியாது. நாங்கள் எழுதிய பட்டியலில் இருந்த ஒவ்வொரு முகவரியையும் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்து, திறந்தவற்றிற்கு அருகில் சரி அடையாளம் இட்டேன், விடைத்தாள் திருத்துவது போல.

விதிகளின் நகல் ஒன்றை நிர்வாகக் குழுக் கோப்பிலும் வையுங்கள். சர்வரை வேறு இடத்திற்கு மாற்றும்போது இது தேவைப்படும். 2004ஆம் ஆண்டு வெளிவந்த 'என்ஜின்எக்ஸ்' என்னும் சர்வர் எச்டிஆக்சஸ் கோப்பைப் படிப்பதே இல்லை. அதற்கு, இந்தப் பெயரில் தேடு, இல்லையென்றால் வாலோடு தேடு, அதுவும் இல்லையென்றால் 404 சொல் என்று அதன் அமைப்புக் கோப்பிலேயே ஒரு வரி எழுத வேண்டும். இது தெரியாமல் இடம் மாற்றினால் மறுபடியும் பழைய கதைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலயத்தின் இணையப் பெயரைக் காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். அது யாராவது ஓர் இளைஞரின் சொந்தப் பெயரில் இருந்தால் ஆலயத்தின் பெயருக்கு மாற்றுங்கள். பெயர் காலாவதியானால் வேறு எவரும் அதை வாங்கி, நம் அன்பர்களிடமே நன்கொடை கேட்கக் கூடும். வாலை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. அன்பர்களும் பணம் அனுப்புமுன் முகவரியின் முற்பகுதியில் நம் ஆலயத்தின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இவ்வளவு வேலைக்கும் எழுதிய விதிகள் இருபது வரிகள்கூட இல்லை. செலவு, என் மாணவருக்கு வாங்கிக் கொடுத்த தேநீர் மட்டுமே. பணி முடிந்த அன்று அந்த அம்மையாரை அழைத்து, பழைய மலரில் உள்ளபடியே மறுபடியும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பேரன் தட்டினான். "வந்துருச்சு பாட்டி" என்ற குரல் எனக்கே கேட்டது. இவ்வாண்டுத் திதிக்கான உபயம் அப்பக்கத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது.

உபயதாரர் ஒருவர் ஐந்து வெள்ளி கொடுத்தாலும் அதற்கு ரசீது எழுதிக் கொடுக்கிறோம். அச்சிட்டுக் கொடுத்த முகவரியும் அப்படி நாம் கொடுத்த எழுத்துதான். எத்தனை ஆண்டு கழித்து நீட்டினாலும் செல்ல வேண்டும். அன்பர்கள் தங்கள் வீட்டில் உள்ள பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்து, திறக்காத முகவரி ஏதேனும் கண்டால் தயவுசெய்து ஆலய அலுவலகத்தில் தெரிவியுங்கள். என் பட்டியலில் சேர்த்துச் சரிசெய்யக் காத்திருக்கிறேன்.